உயிலில் டிரஸ்ட்: எழுத ஆகும் செலவும் நடத்த ஆகும் செலவும்

மதுரைப் பக்கம் டிரஸ்ட் என்று சொன்னால் மண்டகப்படி, அன்னதானம், கல்யாண மண்டபம் என்றுதான் நினைப்பு போகும். இந்தப் பதிவு அதைப் பற்றியது இல்லை. கையில் காசு நிற்காத மகன், மைனர் பேரப்பிள்ளைகள், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத மகள் என்று யாரையாவது மனதில் வைத்து, "என் காலத்துக்குப் பிறகு இந்தச் சொத்தை இன்னார் நிர்வகித்து, வருமானத்தை இன்னாருக்குக் கொடுக்க வேண்டும்" என்று உயிலிலேயே எழுதிவைக்கும் தனியார் டிரஸ்ட் பற்றியது. 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டம் இதற்குத்தான். பொது அறக்கட்டளைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

செலவு எவ்வளவு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எழுதும் செலவைத்தான் கேட்கிறார்கள். அது சொற்பம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. பதிவு செய்தாலும் கட்டணம் சொத்து மதிப்புக்கு ஏற்ப ஏறாது. அசையாச் சொத்தை வைத்து டிரஸ்ட் ஏற்படுத்த எழுத்துப் பத்திரமும் பதிவும் வேண்டும் என்று டிரஸ்டுகள் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் உயில் மூலம் ஏற்படுத்தினால் பதிவு தேவையில்லை என்று அதே பிரிவே விலக்கும் தருகிறது.

உயிரோடிருக்கும்போதே டிரஸ்ட் எழுதி வீட்டை அதற்கு மாற்றினால் கதை வேறு. குடும்ப உறுப்பினருக்கு செட்டில்மென்ட் எழுத மதிப்பில் 1 சதவீதம் முத்திரை, உச்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட தொகைகள் இவை. வாங்குவது ஆளாக இல்லாமல் டிரஸ்டாக இருந்தால் இந்த உச்சவரம்பு கிடைக்குமா என்பதைப் பத்திரம் தயாரிக்கும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிய வேண்டும். உயிலில் இந்தக் கேள்வியே எழாது. சாகும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சின்னத் திருத்தம் என்றால் துணை உயில் எழுதினால் போதும், அதற்கும் இரண்டு சாட்சி வேண்டும்.

உண்மையான செலவு, எழுதியவர் கண்ணை மூடிய மறுநாள் தொடங்குகிறது. அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதை உயிலிலேயே எழுதாத டிரஸ்டுகள்தான் முதல் வருஷத்திலேயே தள்ளாடுகின்றன.

முதலில் எழுத்து. பத்திர எழுத்தர்களிடம் வழக்கமாகப் புழங்கும் வாசகம் இப்படி இருக்கும்: "என் மூத்த மகன் தன் தம்பி குடும்பத்தை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில் மேற்படி வீட்டை அவனுக்கே வைக்கிறேன்." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இதில் டிரஸ்ட் உருவாவது சந்தேகம்தான். எழுதியவரின் எண்ணம், நோக்கம், பயனாளி, சொத்து ஆகியவை ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டும் என்பது 6ஆம் பிரிவு. நம்பிக்கை கட்டளை ஆகாது. அண்ணன் வீட்டை விற்றுவிட்டால் தம்பி நீதிமன்றத்தில் பல வருஷம் நிற்க நேரும். அதே நோக்கத்தை இப்படி எழுதலாம்:

"'அ' அட்டவணையில் கண்ட வீட்டையும் வைப்புத்தொகைகளையும் என் மூத்த மகனும் என் மைத்துனரும் டிரஸ்டிகளாக இருந்து நிர்வகிக்க வேண்டியது. வருமானத்தில் முதலில் வீட்டு வரி, பழுதுபார்ப்பு, ஆடிட்டர் கட்டணம். அடுத்து டிரஸ்டி ஒவ்வொருவருக்கும் மாதம் ஆயிரம் ரூபாய். மீதியை என் இளைய மகன், அவன் மனைவி, அவன் பிள்ளைகள் ஆகியோரின் உணவு, படிப்பு, வைத்தியம் ஆகியவற்றுக்குத் தேவையறிந்து செலவிட வேண்டியது. கடைசிப் பிள்ளைக்கு 25 வயது நிறையும்போது டிரஸ்ட் முடிந்து, சொத்து அந்தப் பிள்ளைகளுக்குச் சமபங்காகச் சேர வேண்டியது. இந்த உயிலே டிரஸ்ட் பத்திரம். தனிப் பத்திரம் தேவையில்லை."

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு செலவை அடைக்கிறது. "மாதம் ஆயிரம் ரூபாய்" என்ற சொற்கள் இல்லாவிட்டால் டிரஸ்டிக்கு ஊதியம் கேட்க உரிமை கிடையாது, அது 50ஆம் பிரிவு. கைக்காசைப் போட்டுச் செய்த செலவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் (32ஆம் பிரிவு), உழைப்புக்குக் கூலி எடுக்க முடியாது. உறவுக்காரர் இலவசமாகப் பார்த்துக்கொள்வார் என்ற கணக்கு முதல் இரண்டு வருஷம் ஓடும். அதற்குப் பிறகு வாடகை வசூலிக்க அலைவது யார், ஒழுகும் மாடிக்குக் கொத்தனார் பிடிப்பது யார் என்ற சண்டைதான்.

"25 வயது" என்ற வரியையும் கவனியுங்கள். உயில் எழுதியவர் இறக்கும்போது பிறந்திருக்கும் பிள்ளைகளுக்கு 25 வயது என்பதில் சிக்கலில்லை. பிறக்காத பேரன் பேத்திகளையும் சேர்த்து "வம்சம் வம்சமாக" என்று எழுதினால் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு குறுக்கே வரும்: எழுதியவர் இறக்கும்போது உயிரோடிருப்பவர்களின் ஆயுள், அதன்பின் ஒரு மைனர் மேஜராகும் காலம், அதைத் தாண்டிச் சொத்து சேர்வதைத் தள்ளிப்போட முடியாது. வருமானத்தை யாருக்கும் கொடுக்காமல் சேர்த்துக்கொண்டே போகச் சொல்வதற்கும் எல்லை உண்டு, இறந்த நாளிலிருந்து 18 வருஷம்.

"தனிப் பத்திரம் தேவையில்லை" என்பதற்குக் காரணம் வங்கி. கணக்குத் தொடங்கப் போனால் கவுன்ட்டரில் "டிரஸ்ட் டீட் எங்கே?" என்பார்கள். பயந்துபோய் டிரஸ்டிகள் புதிதாக ஒரு பத்திரம் எழுதி, முத்திரை, பதிவு என்று செலவழிப்பார்கள். காசும் வீண், வரியிலும் வம்பு. டிரஸ்ட் உயிலில் பிறந்ததா, பின்னால் எழுதிய பத்திரத்தில் பிறந்ததா என்ற கேள்விக்கு வழிவிட்டதாகிவிடும். உயில் நகல், இறப்புச் சான்று, டிரஸ்ட் பெயரில் வாங்கிய பான், டிரஸ்டிகளின் அடையாள ஆவணங்கள் ஆகியவற்றோடு கிளை மேலாளரைப் பாருங்கள். டிரஸ்டுக்கு ஒரு பெயரையும் உயிலிலேயே வைத்துவிட்டால் இந்த வேலை பாதி முடிந்தது.

வரி ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கே.கே.நகரில் இரண்டு போர்ஷன் மாடி வீடு, ஒவ்வொன்றுக்கும் 12,000 ரூபாய் வாடகை. வருஷத்துக்கு 2,88,000. கூடவே 20 லட்சம் வைப்பு, 7 சதவீதம் என்று வைத்தால் 1,40,000. மொத்தம் 4,28,000 ரூபாய். வாடகையில் 30 சதவீதக் கழிவு போனால் 2,01,600, வட்டியையும் சேர்த்தால் வரிக்குரிய வருமானம் 3,41,600. வீட்டு வரியை இன்னும் கழிக்கவில்லை.

யாருக்கு எவ்வளவு என்று பங்கு குறிக்காமல் டிரஸ்டிகளின் முடிவுக்கு விட்ட டிரஸ்ட் என்றால், பொது விதிப்படி உச்ச விகிதத்தில் வரி. 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்தால் 1,06,579 ரூபாய். ஆனால் உயில் மூலம் ஏற்பட்ட டிரஸ்டாக இருந்து, எழுதியவர் உயிலால் ஏற்படுத்திய ஒரே டிரஸ்டாகவும் அது இருந்தால், சாதாரணப் படிநிலை விகிதம்தான். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. ஆக, வரி பூஜ்யம். ஒரே வீடு, ஒரே வாடகை. வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 164ஆம் பிரிவின் விலக்கு இது. 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு.

"ஒரே டிரஸ்ட்" என்ற நிபந்தனையில்தான் பலர் சறுக்குகிறார்கள். மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, கோயில் கட்டளைக்கு ஒன்று என்று ஒரே உயிலில் மூன்று டிரஸ்ட் எழுதினால் இந்தச் சலுகை கைநழுவும். பங்கு குறித்து எழுதினால் அந்தக் கவலை குறைவு, அவரவர் விகிதத்தில் வரி. ஆனால் பங்கு பெறுவது மைனர் என்றால் அந்த வருமானம் பொதுவாகத் தாய் தகப்பனில் ஒருவர் வருமானத்தோடு கூட்டப்படும். டிரஸ்டுக்குள் கடையோ மில்லோ போன்ற வியாபாரம் இருந்தால் விதி இன்னும் இறுக்கம்: எழுதியவரை அண்டி வாழ்ந்த உறவினருக்கு மட்டுமான, ஒரே உயில் டிரஸ்டாக இருந்தால்தான் உச்ச விகிதத்திலிருந்து தப்பலாம். இன்னொன்று, 12 லட்சம் வரை வரி இல்லை என்று பேசிக்கொள்கிறோமே, அந்தத் தள்ளுபடி தனிநபருக்கு மட்டும். டிரஸ்டுக்குக் கிடையாது.

அதே வீட்டின் ஓட்டச் செலவு. தொகைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் வீட்டுத் தொகையைப் போட்டுப் பாருங்கள். ஆடிட்டர் 10,000, வீட்டு வரி 6,000, பழுதுபார்ப்பு 30,000, டிரஸ்டிகள் இருவருக்கு 24,000. மொத்தம் 70,000, வருமானத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. தாங்கும். அதே டிரஸ்டில் வீடு இல்லாமல் 8 லட்சம் வைப்பு மட்டும் இருந்தால் வட்டி 56,000. ஆடிட்டருக்கும் டிரஸ்டிகளுக்கும் 34,000 போய்விடும். கையில் மிஞ்சுவது 22,000. அவ்வளவு சிறிய தொகைக்கு டிரஸ்ட் வேண்டவே வேண்டாம் என்பேன். நேரடியாக எழுதிவைத்துவிடலாம்.

முதல் வருஷம் தனிச் சங்கதி. உயிலை நிறைவேற்றுபவர், அதாவது எக்சிக்யூட்டர், இறந்த நாளிலிருந்து ஒரு வருஷம் வரை யாருக்கும் எதையும் கொடுக்கக் கட்டுப்பட்டவர் இல்லை. அதற்குள் கடன்களைத் தீர்க்க வேண்டும். சட்டம் வரிசையும் சொல்கிறது: முதலில் நியாயமான அளவில் ஈமச்சடங்குச் செலவும் கடைசி ஒரு மாத ஆஸ்பத்திரிச் செலவும், அடுத்து புரொபேட் (உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் தரும் சான்று) முதலான நீதிமன்றச் செலவு, பிறகு வேலையாட்களின் கடைசி மூன்று மாதக் கூலி, அதன்பின் மற்றக் கடன்கள். டிரஸ்டுக்கு வருவது மிச்சம்தான்.

எல்லோரும் மறக்கும் கடன் ஒன்று உண்டு: வாடகைக்காரர் கொடுத்த அட்வான்ஸ். வீட்டுக்காரர் அதை என்றோ செலவழித்திருப்பார். காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டியது டிரஸ்ட். போர்ஷனுக்கு 60,000 வாங்கியிருந்தால் இரண்டும் சேர்ந்து காலியாகும் மாதத்தில் 1,20,000 வேண்டும். வாடகையும் அந்த மாதம் நின்றிருக்கும். ஆகவே உயிலில் ஆறு மாதச் செலவுக்காவது ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, "எக்சிக்யூட்டரின் ஒரு வருஷக் கெடுவுக்குக் காத்திராமல் பயனாளிகளின் மாதச் செலவை இதிலிருந்து கொடுக்க வேண்டியது" என்று ஒரு வரி சேருங்கள்.

வருமான வரியிலும் இடைக்காலம் உண்டு. சொத்து முழுவதும் பிரித்துக் கொடுக்கப்படும்வரை அதன் வருமானத்துக்கு எக்சிக்யூட்டர் பேரில் தனிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், இறந்தவரின் கடைசிக் கணக்கு அதற்கும் தனி. அந்த வருஷம் ஆடிட்டருக்கு இரண்டு மூன்று கோப்பு, கட்டணமும் அப்படியே. வேலை முடிந்ததும், "சொத்தை டிரஸ்டிகள் வசம் விட்டேன்" என்று எக்சிக்யூட்டர் தேதி போட்டு ஒரு ஒப்புதல் கடிதம் எழுதட்டும். வாய்மொழி ஒப்புதலும் செல்லும்தான், ஆனால் எந்தத் தேதியிலிருந்து டிரஸ்டின் கணக்கு என்று காட்ட எழுத்துத்தான் கைகொடுக்கும்.

புரொபேட் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. உயிலை எழுதிய இடமும் சொத்தும் மதுரை மாவட்டத்துக்குள்ளேயே இருந்தால் இந்து உயிலுக்கு அது கட்டாயமாக இருந்ததே இல்லை. தமிழ்நாட்டில் சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அங்கே இருக்கும் சொத்துக்கும்தான் கட்டாயம் இருந்தது. அதற்கான, வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவையும் நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கிவிட்டது. ஆனால் கட்டாயமில்லை என்பதும் தேவைப்படாது என்பதும் ஒன்றல்ல. பட்டா மாற்றப் போனால் தாலுகா அலுவலகத்தில் மற்ற வாரிசுகளின் சம்மதத்தைக் கேட்கலாம். ஒரு அக்கா கையெழுத்துப் போட மறுத்தால் கடைசியில் மாவட்ட நீதிமன்றம்தான். வீட்டை வாங்க வருபவருக்குக் கடன் தரும் வங்கியின் வக்கீலும் கேட்கக்கூடும். எதிர்ப்பில்லாத மனு சீக்கிரம் முடியும். ஆட்சேபணை வந்துவிட்டால் அது வழக்காகவே நடக்கும், வக்கீல் கட்டணமும் அந்தக் கணக்கில்தான். எக்சிக்யூட்டர் பெயரை உயிலில் எழுத மறந்திருந்தால் புரொபேட்டே கிடைக்காது, நிர்வாக அதிகாரச் சான்று கேட்டு மனுப் போட வேண்டும்.

இந்தச் செலவைக் குறைக்கும் மலிவான வழி சாட்சிகளைச் சரியாகப் பிடிப்பது. பதிவு செய்துவிட்டோம், இனி நிரூபிக்க வேண்டியதில்லை என்று நினைப்பது தவறு. சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவரை நீதிமன்றத்தில் விசாரித்தே ஆக வேண்டும். சார்பதிவாளர் அலுவலக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினால், இருபது வருஷம் கழித்து அவரை ஒத்தக்கடையில் தேடுவதா, திருமங்கலத்தில் தேடுவதா? எழுதுபவரைவிட வயதில் குறைந்த, ஊரை விட்டுப் போகாத, சொத்தில் ஒரு பைசாவும் பெறாத இருவர் வேண்டும். ஒருவர் குடும்ப டாக்டராக இருந்தால் புத்தி சுவாதீனக் கேள்விக்கும் அதிலேயே விடை. படுக்கையில் இருப்பவர் என்றால் பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழியுண்டு, அதற்குத் தனிக் கட்டணம்.

டிரஸ்டிகளின் அதிகாரத்தை எழுதாமல் விட்டாலும் நீதிமன்றச் செலவுதான். விற்கும் அதிகாரம் உயிலில் இல்லை என்றால், வைத்தியத்துக்கு அவசரமாகப் பணம் வேண்டும்போதும் டிரஸ்டி தானாக விற்க முடியாது. 21 வருஷத்துக்கு மேல் குத்தகை விட நீதிமன்ற அனுமதி வேண்டும். டிரஸ்டிகள் பலர் இருந்தால் எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும், உயில் வேறு விதமாகச் சொன்னால் ஒழிய. ஆகவே மூவரை வைத்து "பெரும்பான்மை போதும்" என்று எழுதுங்கள். துபாயில் இருக்கும் தம்பியை டிரஸ்டியாகப் போட்டால் ஒவ்வொரு காசோலைக்கும் கூரியர்தான். ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை நியமிப்பது யார் என்பதும் உயிலில் இருக்கட்டும்.

டிரஸ்டுக்குள் எது வராது என்பதையும் பாருங்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே உயில் எழுத முடியும். முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. ஆயுள் காப்பீட்டில் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் 2015 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம்; உயில் என்ன சொன்னாலும் டிரஸ்டுக்கு வராது. வங்கி வைப்பில் நாமினி வெறும் கைமாற்றுபவர்தான், ஆனால் பணம் முதலில் அவர் கைக்குத்தான் போகும். கடனாளி மகனையே நாமினியாக விட்டுவைத்து, அவனிடமிருந்து காக்க டிரஸ்ட் எழுதும் விநோதமும் நடக்கிறது. உயிலில் கையெழுத்துப் போட்ட வாரமே வங்கிக்குப் போய் எக்சிக்யூட்டரை நாமினியாக மாற்றுங்கள். அதற்குச் செலவே இல்லை.

மூல உயிலை வங்கி லாக்கரில் மட்டும் வைக்காதீர்கள். லாக்கரைத் திறக்கும் உரிமை யாருக்கு என்று எழுதிய தாள் லாக்கருக்குள்ளேயே இருக்கும். மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்து வைக்கலாம். பதிவு செய்த உயில் என்றால் இறப்புச் சான்றைக் காட்டி நகல் பெறலாம். எந்த அலுவலகம், எந்த ஆண்டு, என்ன எண் என்ற மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எக்சிக்யூட்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.